வரைந்தவர்களின் பத்தாண்டு: 1990களின் அமெரிக்கக் கார்ட்டூன்கள்

1990களில் அமெரிக்காவில் பள்ளிச் சிறுவர்களாக இருந்தவர்கள் இன்று நடுவயதை எட்டிவிட்டார்கள் அல்லது நெருங்கிக்கொண்டிருக்கிறார்கள். அக்காலத் தொலைக்காட்சிக் கார்ட்டூன் தொடர்களைப் பற்றிய பேச்சு எழும்போது, அவர்கள் கதையை மட்டும் சொல்வதில்லை. ஒரு பாத்திரம் தலையைத் திருப்பிய விதம், ஒரு வில்லனின் சிரிப்பு, ஒரு பின்னணி ஓவியத்தின் நிறம் ஆகியவற்றையும் விவரித்துச் சொல்கிறார்கள். 'பேட்மேன்: தி அனிமேட்டட் சீரீஸ்', 'அனிமேனியாக்ஸ்', 'ரக்ராட்ஸ்', 'ஹே அர்னால்ட்!', 'டெக்ஸ்டர்ஸ் லேபரட்டரி', 'தி பவர்பஃப் கேர்ள்ஸ்' போன்ற தொடர்களின் மீதான இந்த அன்பைப் பிள்ளைப் பருவ ஏக்கம் என்ற ஒரே விளக்கத்தில் அடக்கிவிடுவது வழக்கமாக இருக்கிறது. எந்தத் தலைமுறையும் தான் சிறுவயதில் பார்த்ததை நேசிக்கவே செய்யும் என்பதால் அவ்விளக்கத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் அந்தப் பத்தாண்டின் சிறந்த தொடர்களை, அவற்றைச் சிறுவயதில் பார்த்திராத ஒருவர் இன்று முதன்முறையாகப் பார்த்தாலும் அவற்றின் தரம் தெளிவாகத் தெரிகிறது என்றால், அதற்கான காரணத்தைப் பார்வையாளரின் நினைவில் மட்டும் தேடினால் போதாது. அவை உருவான கூடங்களிலும் தேட வேண்டும். ஒரு கார்ட்டூன் எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை பொம்மை நிறுவனங்களிடமிருந்தும் சேனல் அதிகாரிகளிடமிருந்தும் நழுவி, பென்சில் பிடித்து வரையும் ஓவியரின் கைக்குக் கணிசமான அளவு வந்து சேர்ந்த காலம் அது.

இந்த மாற்றத்தின் அளவைப் புரிந்துகொள்ள அதற்கு முந்தைய நிலையை அறிய வேண்டும். 1930கள் முதல் 1950கள் வரை அமெரிக்கக் கார்ட்டூன்கள் திரையரங்குகளுக்காகவே, முதன்மைப் படத்திற்கு முன் காட்டப்படும் ஏழு நிமிடக் குறும்படங்களாகவே பெரும்பாலும் தயாரிக்கப்பட்டன. வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் 1940ஆம் ஆண்டு எம்.ஜி.எம். நிறுவனத்தில் உருவாக்கிய 'டாம் அண்ட் ஜெர்ரி' அவ்வகையைச் சேர்ந்தது. அது ஏழு ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. சட்டகம் என்பது அசையாத ஒற்றைப் படம். ஆகவே ஏழு நிமிடக் குறும்படம் ஒன்றில் 10,080 சட்டகங்கள் இருக்கும். ஓர் ஓவியத்தை இரண்டு சட்டகங்களுக்குப் பயன்படுத்தினாலும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்கள் தேவைப்படும். இத்தகைய உழைப்புக்கான செலவைத் திரையரங்குகள் ஈடுகட்ட முடியாத நிலை வந்து, 1957இல் எம்.ஜி.எம். தன் கார்ட்டூன் பிரிவை மூடியபோது, ஹன்னாவும் பார்பெராவும் தங்கள் பெயரிலேயே ஒரு நிறுவனத்தைத் தொடங்கித் தொலைக்காட்சியின் பக்கம் திரும்பினார்கள்.

தொலைக்காட்சியில் கிடைத்த பணமோ மிகக் குறைவு. அதற்குள் அடங்குவதற்காக அவர்கள் விரிவாகக் கையாண்ட முறையே குறைவசைவு அனிமேஷன் எனப்படுவது: பாத்திரத்தின் உடலை ஒரே ஓவியமாக அசையாமல் வைத்துவிட்டு, வாய், கண், கை ஆகியவற்றை மட்டும் தனித்தாளில் வரைந்து மாற்றுவது, நடக்கும் அசைவை ஒருமுறை வரைந்து பலமுறை பயன்படுத்துவது, ஓடும் பாத்திரத்தின் பின்னால் அதே மரமும் அதே சன்னலும் திரும்பத் திரும்ப வருமாறு செய்வது. 'யோகி பேர்' என்ற கரடியின் கழுத்தில் சட்டைக்காலரும் டையும் இருப்பதற்குக் காரணம் அழகு மட்டுமல்ல. தலையையும் உடலையும் தனித்தனியாக வரையும்போது இணைப்புக்கோடு தெரியாமல் மறைப்பதற்கும் அது உதவியது. இம்முறையால்தான் 'தி ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்', 'ஸ்கூபி-டூ' போன்ற தொடர்கள் சாத்தியமாயின என்பதை மறுக்க முடியாது. ஆனால் காலப்போக்கில் சிக்கனமே இலக்கணமாகி, 1970களில் சனிக்கிழமைக் காலைகளில் ஒளிபரப்பான தொடர்கள் பலவும் ஒன்றைப் போலவே மற்றொன்று என்ற நிலையை அடைந்தன.

1980களில் நிலைமை வேறொரு வகையில் இறுகியது. சிறுவர் நிகழ்ச்சிகளில் இடம்பெறும் விளம்பரங்களுக்கான கட்டுப்பாட்டை அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 1984இல் தளர்த்தியது. 1983இல் தொடங்கிய 'ஹீ-மேன்' மேட்டல் நிறுவனத்தின் பொம்மைகளையும், 1984இல் தொடங்கிய 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' ஹாஸ்ப்ரோ நிறுவனத்தின் பொம்மைகளையும் அடிப்படையாகக் கொண்டவை. இத்தகைய தொடர்கள் தேசிய வலையமைப்புகளின் வழியாக அன்றி, உள்ளூர் நிலையங்களுக்கு நேரடியாக விற்கப்பட்டன. வாரத்திற்கு ஐந்து நாள் வீதம் பதின்மூன்று வாரங்களுக்குப் போதுமான 65 எபிசோடுகள் என்பது அவ்வணிகத்தின் அளவாக அமைந்தது. அத்தொடர்களிலும் திறமையான எழுத்தாளர்களும் ஓவியர்களும் உழைத்தார்கள். அவற்றை இன்றும் நேசிப்பவர்கள் இருக்கிறார்கள். எனினும் பாத்திரம் முதலில் பொம்மையாக வடிவமைக்கப்பட்டு, கதை பிறகு அதற்குப் பொருத்தப்படும்போது, ஓவியர் தன் கற்பனைக்கு வடிவம் கொடுப்பவராக அல்லாமல், வேறொருவர் கொடுத்த வடிவத்தை அசையவைப்பவராகவே இருக்க முடிந்தது.

இந்நிலையை எதிர்த்து நெடுங்காலம் குரல் கொடுத்தவர் பெக்கி சாரென். 1968இல் பாஸ்டன் பகுதியில் மற்றத் தாய்மார்கள் சிலருடன் சேர்ந்து அவர் தொடங்கிய இயக்கம், சிறுவர் நிகழ்ச்சி என்ற பெயரில் விற்பனை நடப்பதை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அரசின் கவனத்திற்குக் கொண்டுவந்தது. அதன் விளைவாக 1990இல் நிறைவேறிய சிறுவர் தொலைக்காட்சிச் சட்டம், சிறுவர் நிகழ்ச்சிகளுக்கிடையே வரும் விளம்பரங்களை வார இறுதி நாட்களில் மணிக்குப் பத்தரை நிமிடமாகவும் மற்ற நாட்களில் மணிக்கு 12 நிமிடமாகவும் வரையறுத்தது. சட்டம் தானாகவே நல்ல கார்ட்டூன்களைப் படைத்துவிடாது என்பது உண்மைதான். ஆனால் அதே காலத்தில் வேறு பல கதவுகளும் திறந்தன. 1988இல் வெளிவந்த 'ஹூ ஃப்ரேம்ட் ரோஜர் ராபிட்', 1989இல் வெளிவந்த 'தி லிட்டில் மெர்மெய்ட்' ஆகிய திரைப்படங்களின் வெற்றி, கைவரைகலைக்குப் பணம் செலவிடலாம் என்ற துணிவைத் தயாரிப்பாளர்களுக்கு அளித்தது. டிஸ்னி நிறுவனம் 1987இல் 'டக்டேல்ஸ்' தொடரை வழக்கத்தைவிட அதிகச் செலவில் தயாரித்து வெற்றி கண்டு, 1990 செப்டம்பரில் மாலை நேரத்தில் இரண்டு மணி நேரத் தொகுப்பாகவே கார்ட்டூன்களை வழங்கத் தொடங்கியது. ஃபாக்ஸ் வலையமைப்பும் அதே ஆண்டில் சிறுவர் பிரிவைத் தொடங்கியது. கேபிள் சேனல்களோ தங்களுக்கென்று சொந்தப் பாத்திரங்களைத் தேடிக்கொண்டிருந்தன.

அப்படித் தேடிய சேனல்களில் முந்திக்கொண்டது நிக்கலோடியன். 1991 ஆகஸ்ட் 11 அன்று அச்சேனல் 'டக்', 'ரக்ராட்ஸ்', 'தி ரென் அண்ட் ஸ்டிம்பி ஷோ' என்ற மூன்று தொடர்களை ஒரே நாளில் வெளியிட்டது. இம்மூன்றும் ஏற்கெனவே புகழ்பெற்ற பொம்மையையோ படத்தையோ பின்பற்றியவை அல்ல. தனி மனிதர்களின் கற்பனையில் பிறந்து, அவர்களுடைய பார்வையிலேயே தயாரிக்கப்பட்டவை. ஜிம் ஜின்கின்ஸ் உருவாக்கிய 'டக்', புதிய ஊருக்குக் குடிவந்த பதினொரு வயதுச் சிறுவன் தன் நாட்குறிப்பில் எழுதும் சின்னஞ்சிறு அச்சங்களையும் வெட்கங்களையும் மட்டுமே கதையாகக் கொண்டது. 'ரென் அண்ட் ஸ்டிம்பி' அதற்கு நேர் எதிரானது. அருவருப்பையும் வெறியையும் விகாரமான அண்மைக்காட்சி ஓவியங்களாகத் தீட்டிக் காட்டிய அத்தொடரை உருவாக்கியவரை, கால தாமதம் உள்ளிட்ட பூசல்களால் 1992இலேயே சேனல் நீக்கிவிட்டது. படைப்பாளியிடம் உரிமையை ஒப்படைக்கும் முறைக்கு அதன் முதல் ஆண்டுகளிலேயே ஏற்பட்ட அந்தச் சோதனையையும் மீறி அம்முறை நிலைத்தது என்பதுதான் குறிப்பிடத்தக்கது.

'ரக்ராட்ஸ்' தனியே நோக்கத்தக்கது. ஆர்லீன் கிளாஸ்கி, காபோர் சூபோ, பால் ஜெர்மெய்ன் ஆகியோர் உருவாக்கிய அத்தொடரில் கைக்குழந்தைகள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். பெரியவர்களுக்கு அப்பேச்சு புரியாது. கேமரா பெரும்பாலும் தரையோடு தரையாக, தவழும் குழந்தையின் கண்மட்டத்தில் இருக்கும் என்பதால், சாதாரண வரவேற்பறை பெருங்காடாகவும் மேசையின் அடிப்பகுதி குகையாகவும் தோன்றும். டாமி என்ற குழந்தையின் தாய்வழிப் பாட்டனாரும் பாட்டியும் யூதர்கள். 1995இல் ஒளிபரப்பான சிறப்பு எபிசோடு, யூதர்கள் எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து மீண்டதைக் கொண்டாடும் பாஸ்கா பண்டிகையின் கதையைப் பாட்டனார் குழந்தைகளுக்குச் சொல்வதாக அமைந்தது. அமெரிக்கச் சிறுவர் கார்ட்டூன்களில் கிறிஸ்துமஸ் அல்லாத ஒரு சமயப் பண்டிகை அவ்வளவு மதிப்போடு சொல்லப்பட்டது அரிது. 1998இல் வந்த இதன் திரைப்படம், டிஸ்னி தயாரிக்காத அனிமேஷன் படங்களில் அமெரிக்காவில் பத்துக் கோடி டாலர் வசூலை முதலில் தாண்டியதாகும்.

அதே சேனலில் 1996இல் தொடங்கிய 'ஹே அர்னால்ட்!' இன்னும் ஆழமாகச் சென்றது. கிரேக் பார்ட்லெட் உருவாக்கிய இத்தொடரின் நாயகனான அர்னால்ட், பெருநகரத்தின் பழைய பகுதியொன்றில் தன் பாட்டனாரும் பாட்டியும் நடத்தும் வாடகை விடுதியில் வளர்பவன். அவ்விடுதியில் பல நாடுகளிலிருந்து வந்த ஏழை மனிதர்கள் தங்கியிருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் எபிசோடு ஒன்றில், வியட்நாமியரான திரு. ஹுயின் ஏன் எப்போதும் வருத்தத்தோடு இருக்கிறார் என்பதை அர்னால்ட் அறிகிறான்: போரின்போது தன் கைக்குழந்தையாவது தப்பிப் பிழைக்கட்டும் என்று, ஹெலிகாப்டரில் இருந்த அமெரிக்கச் சிப்பாய் ஒருவரிடம் மகளை ஒப்படைத்துவிட்டு, பல ஆண்டுகளுக்குப் பிறகு அவளைத் தேடியே அவர் அந்நகரத்திற்கு வந்திருக்கிறார். ஒரு போர் குடும்பங்களைப் பிரித்துப்போடுவதை, எந்த அறிவுரையும் சேர்க்காமல், அரை மணி நேரச் சிறுவர் நிகழ்ச்சிக்குள் சொல்ல முடியும் என்று நம்பிய மனிதர்கள் அத்தொடரை உருவாக்கினார்கள். அந்த எபிசோடைப் பத்து வயதில் பார்த்தவர்கள் அதை மறக்கவில்லை என்றால், மறக்க முடியாதபடி அது செய்யப்பட்டிருக்கிறது என்பதே காரணம்.

ஆயினும் அப்பத்தாண்டின் உச்சம் எது என்று கேட்டால், 1992 செப்டம்பரில் ஃபாக்ஸ் சிறுவர் பிரிவில் தொடங்கிய 'பேட்மேன்: தி அனிமேட்டட் சீரீஸ்' என்றுதான் சொல்ல வேண்டும். இதை உருவாக்கிய புரூஸ் டிம், எரிக் ரடோம்ஸ்கி இருவரும் ஓவியர்கள். கார்ட்டூன்களின் பின்னணி ஓவியங்களை வெள்ளைத் தாளில் வரைந்து வண்ணமிடுவதே மரபு. ரடோம்ஸ்கி கறுப்புத் தாளை எடுத்து, ஒளி படும் இடங்களை மட்டும் அதன்மேல் தீட்டினார். ஆகவே கதை நடக்கும் நகரத்தின் இயல்பான நிலையே இருள், வெளிச்சம் ஆங்காங்கே வந்துபோகும் விருந்தாளி என்ற உணர்வு ஒவ்வொரு காட்சியிலும் இயல்பாகவே அமைந்துவிட்டது. 1930களின் கட்டடக்கலையையும் கார்களையும் வான்கப்பல்களையும் பிற்காலக் கணினிகளோடு கலந்து, எந்த ஆண்டு என்று சொல்ல முடியாத ஒரு காலத்தை அவர்கள் படைத்தார்கள். டிம் பாத்திரங்களை மிகக் குறைந்த கோடுகளில், கோண வடிவங்களாக வரைந்தார். பல நாடுகளின் கூடங்களில் பல கைகள் வரைந்தாலும் உருவம் சிதையாமல் இருக்க அந்த எளிமையே உதவியது.

இசையிலும் அதே அக்கறை இருந்தது. அக்காலத்தில் தொலைக்காட்சிக் கார்ட்டூன்களுக்குச் சில இசைத் துணுக்குகளை முன்கூட்டியே பதிவுசெய்துகொண்டு, அவற்றையே எல்லா எபிசோடுகளுக்கும் வெட்டி ஒட்டுவது பரவலான வழக்கம். ஆண்களே நிறைந்திருந்த திரையிசைத் துறையில் தன் திறமையால் இடம்பிடித்த ஷெர்லி வாக்கர், தம் குழுவினருடன் சேர்ந்து ஒவ்வொரு எபிசோடுக்கும் தனியாக இசைக்குறிப்பு எழுதி, இசைக்குழுவைக் கொண்டு வாசிக்கச் செய்தார். குரல் இயக்குநரான ஆண்ட்ரியா ரொமானோ நடிகர்களைத் தனித்தனியே அழைத்துப் பதிவுசெய்யாமல், இயன்றவரை ஒரே அறையில் கூட்டி, நாடகம் போல ஒருவர் முகம் பார்த்து மற்றவர் பேசுமாறு செய்தார். புரூஸ் வெய்னாக இருக்கும்போது ஒரு குரல், முகமூடி அணிந்தபின் வேறொரு குரல் என்று பேட்மேனுக்குக் குரல் கொடுத்த கெவின் கான்ராய் பிரித்துக் காட்டிய நுட்பமும், 'ஸ்டார் வார்ஸ்' நாயகனாக உலகறிந்த மார்க் ஹாமில் வில்லன் ஜோக்கருக்கு அளித்த பலவகைச் சிரிப்பும் அப்படித்தான் உருவாயின. கான்ராய் 2022 நவம்பரில் மறைந்தபோது, அந்தக் குரலையே பேட்மேனின் குரலாக அறிந்து வளர்ந்த ஒரு தலைமுறை உண்மையாகவே துக்கம் காத்தது.

எழுத்தாளர் பால் டினியின் பங்கு தனிச்சிறப்புடையது. காமிக்ஸ் நூல்களில் குளிர்த் துப்பாக்கியோடு வரும் சாதாரண வில்லனாக இருந்த மிஸ்டர் ஃப்ரீஸுக்கு, தீராத நோயால் உறைநிலையில் வைக்கப்பட்ட மனைவியையும் அவளை இழந்துவிட்ட பெருந்துயரையும் 'ஹார்ட் ஆஃப் ஐஸ்' எபிசோடில் அவர் அளித்தார். அதற்காக எம்மி விருதும் பெற்றார். பின்னர் காமிக்ஸ் நூல்களே அந்தக் கதையை மூலமாக ஏற்றுக்கொண்டன. ஜோக்கரின் கையாளாக ஒரே ஒரு எபிசோடில் தலைகாட்டுவதற்காக அவர் எழுதிய ஹார்லி குவின் என்ற பாத்திரம், நடிகை ஆர்லீன் சார்கினின் குரலோடு நிலைபெற்று, காமிக்ஸுக்குள் நுழைந்து, 2016 முதல் மார்கோ ராபி நடிப்பில் திரைப்பட நாயகியாகவும் ஆனது. வழக்கமாக நூலிலிருந்து கார்ட்டூனுக்குப் பாத்திரங்கள் வரும்; இங்கே ஓட்டம் திரும்பியது.

'பேட்மேன்' தொடரைத் தயாரித்த வார்னர் நிறுவனத்தில், இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் பங்கேற்போடு டாம் ரூக்கர் 1990இல் 'டைனி டூன் அட்வென்ச்சர்ஸ்' தொடரையும் 1993இல் 'அனிமேனியாக்ஸ்' தொடரையும் உருவாக்கினார். 1930களில் வரையப்பட்டு, அடங்காத் தன்மையால் ஸ்டுடியோவின் தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்தில் அடைக்கப்பட்டு, 1990களில் தப்பித்து வந்தவர்களாகச் சொல்லப்படும் யாக்கோ, வாக்கோ, டாட் என்ற மூவரே 'அனிமேனியாக்ஸ்' நாயகர்கள். பழைய திரையரங்குக் குறும்படங்களின் வேகத்தை மீட்பதுதான் அத்தொடரின் நோக்கம். ரிச்சர்ட் ஸ்டோன் தலைமையில் முழு இசைக்குழு ஒவ்வோர் அசைவுக்கும் ஏற்ப வாசித்தது. உலக நாடுகளின் பெயர்களை யாக்கோ மூச்சுவிடாமல் பாடும் பாட்டு, அமெரிக்கச் சிறுவர்கள் பலருக்குப் புவியியல் பாடமாகவே அமைந்தது. அத்தொடரில் கிளைக்கதையாகத் தொடங்கி 1995இல் தனித் தொடரான 'பிங்கி அண்ட் தி பிரெய்ன்', ஆய்வுக்கூட எலிகள் இரண்டு ஒவ்வோர் இரவும் உலகை வெல்லத் திட்டமிட்டுத் தோற்பதைச் சொல்வது. பிரெய்னுக்குக் குரல் கொடுத்த மொரீஸ் லமார்ஷ், இயக்குநர் ஆர்சன் வெல்ஸின் குரலை நினைவூட்டும் வகையில் பேசினார். சிறுவன் எலியைப் பார்த்துச் சிரிக்க, அருகில் அமர்ந்திருக்கும் தந்தை வெல்ஸை அடையாளம் கண்டு சிரிக்கும்படி அமைந்த இந்த இரட்டைப் பேச்சு, குடும்பம் முழுவதையும் ஒரே திரையின் முன் அமரவைத்தது.

பெரியவர்களுக்கான மாலைநேரத் தொடராக 1989 டிசம்பரில் தொடங்கிய 'தி சிம்ப்சன்ஸ்' பற்றி ஏற்கெனவே ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. கார்ட்டூன் சிறுவர்களுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணத்தை அது உடைத்தது என்பதை மட்டும் இங்கே குறிப்பிட்டால் போதும்.

கார்ட்டூன் நெட்வொர்க்கின் கதை வேறு. டெட் டர்னர் 1980களில் எம்.ஜி.எம். நிறுவனத்தின் பழைய படங்களையும், 1991இல் ஹன்னா-பார்பெரா நிறுவனத்தையும் வாங்கி, அக்களஞ்சியத்தைக் கொண்டு 1992 அக்டோபர் 1 அன்று நாள் முழுவதும் கார்ட்டூன் மட்டுமே ஒளிபரப்பும் சேனலைத் தொடங்கினார். பழையவற்றை மட்டும் எத்தனை காலம் காட்ட முடியும்? ஹன்னா-பார்பெராவின் தலைவராக வந்த ஃபிரெட் சைபர்ட், திரையரங்குக் காலத்தின் முறைக்கே திரும்பிச் சென்றார். பெருந்தொகையை ஒரே தொடரில் முதலிடாமல், ஏழு நிமிடக் குறும்படங்கள் 48 எடுப்பது, ஒவ்வொன்றையும் ஒரு படைப்பாளியிடம் ஒப்படைப்பது, மக்கள் விரும்புவதைத் தொடராக வளர்ப்பது என்பது அவருடைய திட்டம். 1995இல் 'வாட் எ கார்ட்டூன்!' என்ற பெயரில் அவை ஒளிபரப்பாகத் தொடங்கின. முதுமையிலிருந்த ஹன்னாவே அவற்றில் சிலவற்றை இயக்கினார் என்பது, அந்த நிறுவனத்தின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு மனநிறைவு தரும் செய்தி.

அக்குறும்படங்கள் ஸ்டோரிபோர்டு முறையில் உருவானவை என்பது முக்கியமானது. ஸ்டோரிபோர்டு என்பது கதையைக் காட்சி காட்சியாகச் சிறு கட்டங்களில் வரைந்து, கீழே வசனத்தையும் எழுதும் முறை. எழுத்தாளர் தட்டச்சு செய்து கொடுத்த பிரதியை ஓவியர் படமாக்கும் முறையில், நகைச்சுவை பெரும்பாலும் வசனத்திலேயே தங்கிவிடும். ஓவியரே வரைந்துகொண்டு கதை சொல்லும்போது, ஒரு புருவத்தின் உயர்விலும் இரண்டு நொடி மௌனத்திலும் நகைச்சுவை பிறக்கிறது. 1970இல் மாஸ்கோவில் பிறந்து ஏழு வயதில் அமெரிக்கா வந்த கென்டி டார்டகோவ்ஸ்கியின் 'டெக்ஸ்டர்ஸ் லேபரட்டரி' அத்திட்டத்தின் முதல் பெரும் வெற்றியாக 1996இல் தொடராயிற்று. அவருடன் கால்ஆர்ட்ஸ் கலைக் கல்லூரியில் படித்த கிரேக் மெக்ராக்கன், மாணவராக இருந்தபோதே வரைந்த மூன்று சிறுமிகளை 1998இல் 'பவர்பஃப் கேர்ள்ஸ்' ஆக்கினார். 'ஜானி பிராவோ', 'கௌ அண்ட் சிக்கன்', 'கரேஜ் தி கவர்ட்லி டாக்' ஆகியவையும் அங்கிருந்தே வந்தன. ஜான் டில்வொர்த்தின் 'கரேஜ்' குறும்படம் ஆஸ்கர் பரிந்துரையையே பெற்றது.

இவ்விடத்தில் ஓர் உண்மையைச் சுட்ட வேண்டும். 'டெக்ஸ்டர்', 'பவர்பஃப்' இரண்டும் ஹன்னா-பார்பெரா தொடர்களைப் போலவே குறைந்த அசைவுகளைக் கொண்டவை. ஆனால் டார்டகோவ்ஸ்கிக்கும் மெக்ராக்கனுக்கும் குறைவு என்பது பற்றாக்குறையாக இருக்கவில்லை. தடித்த கோடு, தட்டையான நிறம், வடிவக்கணித உருவங்கள் ஆகியவற்றை 1950களில் கலையாகவே வளர்த்த யு.பி.ஏ. ஸ்டுடியோவின் படங்களையும் அவர்கள் ஊன்றிப் பார்த்திருந்தார்கள். அசையாமல் நிற்கும் உருவம் ஒன்று திடீரென ஒரே பாய்ச்சலில் நகரும்போது ஏற்படும் தாக்கத்தை அவர்கள் வேண்டுமென்றே பயன்படுத்தினார்கள். முப்பது ஆண்டுகள் வறுமையின் அடையாளமாக இருந்த ஒரு முறை, அதே நிறுவனத்தின் கூரையின் கீழேயே நடையழகாக மாறியது. அமெரிக்க அனிமேஷன் வரலாற்றில் இதைவிட நிறைவான திருப்பம் வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை.

இத்தொடர்கள் இந்தியாவுக்கும் வந்தன. தூர்தர்ஷன் 'டக்டேல்ஸ்', 'டேல்ஸ்பின்' ஆகியவற்றை இந்தியில் ஒளிபரப்பியது. 1995இல் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவில் அடியெடுத்து வைத்தது. பகல் முழுவதும் கார்ட்டூன் ஓடும் அச்சேனல் இரவில் பழைய ஆங்கிலப் படங்கள் காட்டும் டி.என்.டி. சேனலாக மாறிவிடும் என்பது கேபிள் இணைப்பு பெற்றிருந்த தமிழகக் குடும்பங்களுக்கு நினைவிருக்கும். தமிழ்க் குரல் பின்னர் வந்தது. அதற்கு முன், மொழி முழுதும் புரியாத சிறுவர்களும் டெக்ஸ்டரையும் ஜானி பிராவோவையும் ரசிக்க முடிந்ததற்கு, கதை வசனத்தைவிட ஓவியத்தில் தங்கியிருந்ததும் ஒரு காரணம்.

பத்தாண்டின் இறுதியில், கடல்வாழ் உயிரியல் ஆசிரியராகப் பணியாற்றிவிட்டு அனிமேஷன் கற்று, 'ராக்கோஸ் மாடர்ன் லைஃப்' தொடரில் பயிற்சி பெற்ற ஸ்டீஃபன் ஹில்லன்பெர்க், 1999இல் 'ஸ்பாஞ்ச்பாப்' தொடரைத் தொடங்கினார். அதே வேளையில் சனிக்கிழமைக் காலை மரபு தேய்ந்துகொண்டிருந்தது. என்.பி.சி. வலையமைப்பு 1992லேயே கார்ட்டூன்களைக் கைவிட்டது. வாரத்திற்கு மூன்று மணி நேரம் கல்வி நிகழ்ச்சி வழங்க வேண்டும் என்று 1996இல் வந்த விதி மற்ற வலையமைப்புகளையும் அத்திசையில் தள்ளியது. கேபிள் சேனல்கள் நாள்தோறும் கார்ட்டூன் காட்டும்போது ஒரு காலைக்காக வாரம் முழுவதும் காத்திருக்கும் தேவையும் அற்றுப்போயிற்று. வலையமைப்புகளில் எஞ்சியிருந்த கடைசித் தொகுப்பு 2014 செப்டம்பர் 27 அன்று சி.டபிள்யூ. வலையமைப்பில் முடிவடைந்தது. ஒளி ஊடுருவும் செல்லுலாய்டு வகைத் தாளில் கோட்டை ஏற்றி, பின்புறம் வண்ணம் தீட்டிப் படம்பிடிக்கும் செல் முறையும் அக்காலத்தையொட்டியே கணினிக்கு வழிவிட்டது. உற்று நோக்கினால் தெரியும் தூசும் வண்ணத்தின் சிறு ஏற்றத்தாழ்வும் கொண்ட அந்தப் படங்கள், கைவேலையின் கடைசித் தடயங்கள்.

அந்தக் கைகள் எங்கே இருந்தன என்பதை மட்டும் இந்த அன்பின் வரலாறு போதிய அளவு சொல்வதில்லை. லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் கதையும் வடிவமைப்பும் ஸ்டோரிபோர்டும் குரல்பதிவும் முடிந்தபின், ஒவ்வோர் ஓவியமும் எத்தனை சட்டகம் நிற்க வேண்டும் என்று குறிக்கும் நேர அட்டவணைகளோடு எல்லாம் பெட்டிகளில் கடல் கடந்து சென்றன. ஆயிரக்கணக்கான ஓவியங்களை வரைந்து, வண்ணமிட்டு, படம்பிடித்தவர்கள் பெரும்பாலும் சியோலிலும் டோக்கியோவிலும் தாய்பேயிலும் மணிலாவிலும் இருந்த ஓவியர்கள். நெல்சன் ஷின் தொடங்கிய ஏகாம் ஸ்டுடியோ 'சிம்ப்சன்ஸ்' தொடரையும் 1992இல் தொடங்கிய 'எக்ஸ்-மென்' தொடரையும் வரைந்தது. சியோலின் ரஃப் டிராஃப்ட் ஸ்டுடியோ 'பவர்பஃப்', 'ஸ்பாஞ்ச்பாப்' ஆகியவற்றில் உழைத்தது. 'பேட்மேன்' ரசிகர்கள் இன்றும் வியந்து பேசும் காட்சி, தன் உருவத்தின் மீது கட்டுப்பாடு இழந்த கிளேஃபேஸ் என்ற வில்லன் நூறு முகங்களாக உருகி மாறி அழியும் காட்சி. அது டோக்கியோவின் டி.எம்.எஸ். ஸ்டுடியோவில் வரையப்பட்டது. படைப்பாளியின் உரிமையை மீட்ட பத்தாண்டு என்று இதைப் போற்றும்போது, அந்த உரிமையில் பங்கு பெறாமலே அதன் அழகைத் தங்கள் விரல்களால் உண்டாக்கியவர்களையும் அதே மூச்சில் போற்றுவதே நேர்மை.

இத்தொடர்களைக் குழந்தைகளோடு மீண்டும் பார்க்க வாய்ப்புள்ளவர்கள், கதை முடிந்ததும் நிறுத்திவிடாமல் இறுதியில் ஓடும் பெயர்ப்பட்டியலையும் கடைசி வரை பார்க்க வேண்டும். சியோல், டோக்கியோ, மணிலா ஓவியக்கூடங்களின் பெயர்கள் பெரும்பாலும் அங்கேதான், சில நொடிகள் மட்டும் வந்துபோகின்றன.